ஆஞ்சியோகிராம் ‘நார்மல்’... ஆனாலும் நெஞ்சு ஏன் வலிக்கிறது?

அம்மாவுக்கு 52 வயது. இரண்டு மாடிப் படி ஏறினால் யாரோ நெஞ்சை அழுத்திப் பிடிப்பதுபோல் இருக்கிறது. சில நாள் சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் அது வருகிறது. அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு ஓடுகிறீர்கள். இசிஜி எடுக்கிறார்கள், ரத்தம் எடுக்கிறார்கள். சில வாரம் கழித்து ஆஞ்சியோகிராமும் செய்தாகிவிட்டது. “பெரிய அடைப்பு எதுவும் இல்லை. எல்லாம் நார்மல்.”

வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி. ஆனால் அடுத்த வாரம் அதே படி, அதே வலி.

“அதான் ஒண்ணும் இல்லைனு சொல்லிட்டாங்களே, வாயுவா இருக்கும்மா.”

“சும்மா யோசிச்சுக்கிட்டே இருக்காதீங்க.”

கொஞ்ச நாளில் அம்மா வலியைப் பற்றிச் சொல்வதையே நிறுத்திவிடுகிறார்.

இது கற்பனைக் காட்சிதான். ஆனால் இதயநோய் மருத்துவர்களுக்குப் பழக்கமான காட்சி. அந்த அம்மாவின் வலி உண்மையாக இருக்கலாம். அது இதயத்திலிருந்தே வரலாம். ஆஞ்சியோகிராமில் தெரியாத அளவுக்குச் சிறிய ரத்தநாளங்களில் கோளாறு இருக்கலாம்.

அதன் பெயர் நுண்நாள நெஞ்சுவலி. மருத்துவர்கள் ‘மைக்ரோவாஸ்குலர் ஆஞ்சைனா’ என்பார்கள்.

அடைப்பு இல்லாமல் வலி எப்படி வருகிறது? ரத்தப் பரிசோதனையில் அதைக் கண்டுபிடிக்க முடியுமா? பார்ப்போம்.

சுருக்கமாக

- பெரிய நாளங்களில் அடைப்பு இல்லை என்பதும், இதயத்துக்குப் போதிய ரத்தம் போகிறது என்பதும் ஒன்றல்ல.
- ரத்தத்தில் உள்ள சில குறியீடுகள் ரத்தநாளங்களின் நலத்தைப் பற்றித் துப்புத் தரும். அவற்றை மட்டும் வைத்து நோயை உறுதிசெய்ய முடியாது.
- உறுதிசெய்ய வேறு பரிசோதனைகள் இருக்கின்றன. காரணம் தெரிந்து சிகிச்சை கொடுத்தால் வலி குறைகிறது என்று ஆய்வு காட்டியுள்ளது.

அடைப்பு இல்லாமல் வலி எப்படி?

இதயம் உடல் முழுவதற்கும் ரத்தத்தை அனுப்புகிறது. அதன் தசைக்கும் ரத்தம் வேண்டுமே! அதைக் கொண்டுவருபவை இதயத்தின் மேற்பரப்பில் ஓடும் பெரிய நாளங்கள். அவற்றின் விட்டம் சுமார் 3 முதல் 4 மில்லிமீட்டர். அவை கிளை கிளையாகப் பிரிந்து தசைக்குள் நுழைகின்றன. அரை மில்லிமீட்டரைவிட மெல்லியவற்றை ‘நுண்நாளங்கள்’ என்கிறோம். அவற்றில் சில, தலைமுடியைவிட மெல்லியவை.

சாலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பெரிய நாளங்கள் விரைவுச்சாலை மாதிரி. நுண்நாளங்கள் உங்கள் புளோக் வரை வரும் சின்னச் சின்னச் சாலைகள். விரைவுச்சாலையில் நெரிசலே இல்லை. ஆனால் உள்சாலைகள் அடைபட்டுக் கிடந்தால், நீங்கள் ஆர்டர் செய்த சாப்பாடு வீட்டுக்கு நேரத்தோடு வருமா?

ஆஞ்சியோகிராம் காட்டுவது விரைவுச்சாலையை மட்டுமே. சாயத்தைச் செலுத்தி எக்ஸ்ரே எடுக்கும்போது பெரிய நாளங்கள் தெளிவாகத் தெரியும். நுண்நாளங்கள் அந்தப் படத்தில் தனித்தனியாகத் தெரியாது.

இதயம் ஓய்வில் இருக்கும்போது அதற்குக் குறைந்த ரத்தம் போதும். படி ஏறும்போது, ஓடும்போது, கோபம் வரும்போது கூடுதலாகத் தேவைப்படும். ஆரோக்கியமான இதயத்தால் ரத்த ஓட்டத்தை மூன்று, நான்கு மடங்குவரைகூட உயர்த்த முடியும். நுண்நாளங்கள் விரிந்துகொடுப்பதால்தான் அது நடக்கிறது.

அங்கே இரண்டு வகைக் கோளாறு வரலாம்:

- விரியாமல் போவது: தேவை கூடும்போது நாளங்கள் போதிய அளவு விரிவதில்லை. நாளச் சுவர் தடித்துப் போவது ஒரு காரணம்.
- திடீரென்று சுருங்குவது: எந்த வேலையும் செய்யாதபோதுகூட நாளங்கள் இறுகிக்கொள்கின்றன. அதனால்தான் சிலருக்கு ஓய்வில் இருக்கும்போதும் வலி வருகிறது.

இரண்டு கோளாறுகளும் ஒருவருக்கே இருக்கலாம். முடிவு ஒன்றுதான். தசைக்கு ஆக்சிஜன் போதவில்லை. நெஞ்சு வலிக்கிறது.

எல்லாம் ஒரு மெல்லிய படலத்தில்தான் தொடங்குகிறது

ரத்தநாளங்களின் உட்புறத்தை ஒரே ஓர் அடுக்கு உயிரணுக்கள் போர்த்தியிருக்கின்றன. அதன் பெயர் எண்டோதீலியம். பல காலமாக அதை ஒரு வெறும் உறை என்றுதான் நினைத்தார்கள்.

1980ஆம் ஆண்டில் அமெரிக்க விஞ்ஞானி ராபர்ட் ஃபர்ச்காட் அந்த எண்ணத்தை மாற்றினார். நாளம் விரிய வேண்டும் என்ற கட்டளை அந்தப் படலத்திலிருந்தே போகிறது என்று அவர் காட்டினார். அந்தக் கட்டளையைச் சுமந்து செல்வது நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு என்பது பின்னர் தெரியவந்தது. அந்தப் பணிக்காக 1998இல் ஃபர்ச்காட், லூயிஸ் இக்னாரோ, ஃபெரிட் முராட் ஆகிய மூவருக்கும் நோபெல் பரிசு கிடைத்தது.

படலம் நன்றாக இருந்தால் நைட்ரிக் ஆக்சைடு தாராளமாகச் சுரக்கும், நாளம் விரியும். புகைப்பழக்கம், நீரிழிவு, உயர் ரத்த அழுத்தம், கூடுதல் கொலஸ்ட்ரால், நீடித்த அழற்சி எல்லாம் அந்தப் படலத்தைக் கெடுக்கின்றன. அப்போது நைட்ரிக் ஆக்சைடு குறைகிறது. நாளத்தைச் சுருக்கும் எண்டோதீலின் போன்ற பொருள்களின் கை ஓங்குகிறது.

ரத்தக் குறியீடுகளைப் பற்றிய ஆய்வு எல்லாம் இந்தப் படலத்தைச் சுற்றியே வருகிறது.

‘எக்ஸ்’ என்று பெயர் வைத்த நோய்

அடைப்பு இல்லாத நெஞ்சுவலி புதிதல்ல. 1973இல் அமெரிக்க மருத்துவர் ஹார்வி கெம்ப் அதைக் குறிக்க ‘சிண்ட்ரோம் எக்ஸ்’ என்ற பெயரைப் பயன்படுத்தினார். அப்போது அதன் காரணம் தெளிவாகத் தெரியவில்லை.

அந்த மர்மப் பெயர் பல ஆண்டு நிலைத்தது. நோயாளிகளில் நிறையப் பேர் நடுவயதுப் பெண்கள். ‘மனஅழுத்தம்’, ‘பதற்றம்’ என்று சொல்லி அனுப்புவது எளிதாக இருந்தது.

1996இல் அமெரிக்காவில் ‘வைஸ்’ என்ற ஆய்வு தொடங்கியது. நெஞ்சுவலியுள்ள பெண்களின் இதயத்தை ஆராய்வதே அதன் நோக்கம். பெரிய அடைப்பு இல்லாத பெண்களிலும் பலருக்கு நுண்நாளக் கோளாறு இருப்பதை அது காட்டியது. அவர்களுக்குப் பின்னாளில் இதயப் பிரச்சினைகள் வரும் அபாயம் மற்றவர்களைவிடக் கூடுதல் என்பதும் தெரியவந்தது. ‘ஒண்ணும் இல்லை’ என்று ஒதுக்கிவிட முடியாது என்பது அப்போது புரிந்தது.

எத்தனை பேருக்கு இப்படி ‘நார்மல்’ முடிவு வருகிறது? 2010இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று, முன்பு இதயநோய் இருப்பதாக அறியப்படாத சுமார் 400,000 பேரின் ஆஞ்சியோகிராம் முடிவுகளைப் பார்த்தது. அவை அவசரமாகச் செய்யப்படாமல் முன்கூட்டியே திட்டமிட்டுச் செய்யப்பட்டவை. 10 பேரில் கிட்டத்தட்ட 4 பேருக்குக் குறிப்பிடும்படியான அடைப்பு எதுவும் இல்லை.

அவர்கள் அனைவருக்கும் நுண்நாளக் கோளாறு என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில், நெஞ்சுவலி இருந்தும் பெரிய அடைப்பு இல்லாத 1,439 பேரின் நாளங்கள் எப்படி இயங்குகின்றன என்று பரிசோதித்தார்கள். சுமார் மூன்றில் இரண்டு பங்கினருக்குக் கோளாறு இருந்தது. அந்த முடிவு 2015இல் வெளியானது.

யாருக்கு வரலாம்?

ஆண்களுக்கும் வரும். பெண்களிடம், குறிப்பாக மாதவிடாய் நிற்கும் காலத்தை ஒட்டி, அதிகமாகக் காணப்படுகிறது. எண்டோதீலியத்துக்குத் துணையாக இருக்கும் ஈஸ்ட்ரஜன் அப்போது குறைவது ஒரு காரணமாகக் கருதப்படுகிறது.

நீரிழிவு இருப்பவர்கள் கவனமாக இருக்க வேண்டும். கூடுதல் சர்க்கரை கண்ணிலும் சிறுநீரகத்திலும் உள்ள நுண்நாளங்களைக் கெடுக்கும் என்பது நமக்குத் தெரியும். இதயத்தின் நுண்நாளங்களும் தப்புவதில்லை. சிங்கப்பூரில் இந்தியர்களிடையே நீரிழிவும் இதயநோயும் சீனர்களைவிட அதிகம். அதனால் இது நம் வீட்டிலும் பேச வேண்டிய விஷயம்.

ரத்தம் என்ன சொல்லும்?

இப்போது முக்கியக் கேள்விக்கு வருவோம். ஊசி குத்தி ஒரு குழாய் ரத்தம் எடுத்தால் விடை கிடைத்துவிடுமா?

ஆய்வாளர்கள் பல குறியீடுகளைப் பார்த்திருக்கிறார்கள். அவற்றில் முக்கியமானவை:

1. சிஆர்பி

உடலில் எங்கேயாவது அழற்சி இருந்தால் கல்லீரல் கூடுதலாகச் சுரக்கும் புரதம் இது. மிகச் சிறிய அளவையும் கண்டறியும் நுட்பமான சோதனையில் வழக்கமாக இப்படிப் பிரிப்பார்கள்:

- லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழ்: இதயநோய் அபாயம் குறைவு
- 1 முதல் 3 வரை: நடுத்தரம்
- 3க்கு மேல்: கூடுதல்

10க்கு மேல் போனால், காய்ச்சல் போன்ற வேறு காரணம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மீண்டும் சோதிப்பது வழக்கம்.

2003இல் வெளியான ஓர் ஆய்வு, நெஞ்சுவலி இருந்தும் ஆஞ்சியோகிராம் சீராக இருந்தவர்களின் சிஆர்பி அளவைப் பார்த்தது. அடிக்கடியும் நீண்ட நேரமும் வலி வந்தவர்களிடம் அந்த அளவு கூடுதலாக இருந்தது. உடற்பயிற்சியின்போது எடுத்த இசிஜியில் மாற்றம் தெரிந்தவர்களிடமும் அப்படியே. வலிக்கும் அழற்சிக்கும் ஏதோ தொடர்பு இருக்கிறது என்பதற்கு அது ஒரு முக்கியமான துப்பு.

2. எண்டோதீலின்

நாளத்தைச் சுருக்குவதில் மிகுந்த ஆற்றல் கொண்டது. அடைப்பு இல்லாத நெஞ்சுவலி உள்ளவர்களின் ரத்தத்தில் அது கூடுதலாக இருப்பதை 1990களிலேயே கண்டார்கள்.

3. ஏடிஎம்ஏ

நைட்ரிக் ஆக்சைடு உற்பத்திக்கு முட்டுக்கட்டை போடும் பொருள். இது கூடினால் படலம் பலவீனமாக இருப்பதாக எடுத்துக்கொள்ளலாம். பெரும்பாலும் ஆய்வுக்கூடங்களில்தான் சோதிக்கிறார்கள்.

4. ஒட்டும் மூலக்கூறுகள்

படலம் எரிச்சலடைந்தால் வெள்ளை அணுக்களைப் பிடித்து நிறுத்தும் ‘பசை’ போன்ற புரதங்களை வெளியே நீட்டும். அவற்றின் ஒரு பகுதி ரத்தத்திலும் கலக்கும். இதுவும் ஆய்வுக்கான சோதனைதான்.

5. நமக்குத் தெரிந்த பழைய ஆள்கள்

எல்டிஎல் கொலஸ்ட்ரால், மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி, சிறுநீரகச் சோதனை. பெயரில் புதுமை இல்லை. ஆனால் அன்றாடச் சிகிச்சையில் இவைதான் அதிகம் உதவுகின்றன. இவற்றில் ஏதாவது சரியில்லை என்றால் உடனே ஏதாவது செய்ய முடியும்.

சரி, அவசரப் பிரிவில் எடுத்த ரத்தம்? அது பெரும்பாலும் ட்ரோபோனின் சோதனைக்காக. இதயத் தசை சேதமடைந்தால் ட்ரோபோனின் ரத்தத்தில் கசியும். மாரடைப்பைக் கண்டறிய அது இன்றியமையாதது. நுண்நாள நெஞ்சுவலியில் தசை ஆக்சிஜனுக்குத் திணறினாலும் பெரும்பாலும் சேதமடைவதில்லை. அதனால் ட்ரோபோனின் சீராகவே இருக்கலாம். மாரடைப்பு இல்லை என்றுதான் அதற்குப் பொருள். வலிக்குக் காரணமே இல்லை என்று பொருளல்ல.

அப்போ சிஆர்பி கூடினால் இந்த நோய்தானா?

இல்லை. சிஆர்பி கூட நூறு காரணம் உண்டு. சளிக்காய்ச்சல், பல்லில் சீழ், மூட்டு அழற்சி, டெங்கி, உடல் பருமன்... எது வந்தாலும் அது ஏறும். எங்கேயோ புகை வருகிறது என்று சொல்லும். எந்த வீட்டில் என்று சொல்லாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஆய்வுகள் சொல்வது பெரும்பாலும் ஒரு குழுவின் சராசரியை. சராசரியாக ஆண்கள் பெண்களைவிட உயரம். ஆனால் ஒருவரின் உயரம் 168 செண்டிமீட்டர் என்று மட்டும் சொன்னால், அவர் ஆணா பெண்ணா என்று உங்களால் சொல்ல முடியுமா? ரத்தக் குறியீடுகளும் அப்படித்தான். நோயுள்ளவர்களின் சராசரி கூடுதலாக இருக்கலாம். ஆனால் நோயுள்ள பலருக்கு அளவு சீராகவும், நோயில்லாத சிலருக்குக் கூடுதலாகவும் இருக்கும்.

குறியீடு வேறு, காரணம் வேறு என்பதற்கு அண்மைக்கால எடுத்துக்காட்டு ஒன்று இருக்கிறது. எண்டோதீலின் கூடுவதால் நாளம் சுருங்குகிறது என்றால், அதைத் தடுத்தால் வலி குறைய வேண்டும், இல்லையா? பிரிட்டனில் ‘பிரைஸ்’ என்ற ஆய்வில் நுண்நாள நெஞ்சுவலி உள்ள 118 பேர் பங்கேற்றார்கள். எண்டோதீலினைத் தடுக்கும் ஸிபோடென்டான் என்ற மருந்து சோதிக்கப்பட்டது. முடிவு 2024இல் வந்தது. டிரெட்மில்லில் அவர்களால் நடக்க முடிந்த நேரம் கூடவில்லை. பக்கவிளைவுகள்தான் கூடின.

காகிதத்தில் கச்சிதமாகத் தெரிந்த கணக்கு உடலில் பலிக்கவில்லை. ஒரே ஒரு குறியீட்டை நம்பி மருந்தோ ‘டெஸ்ட் பேக்கேஜோ’ வாங்குவதற்கு முன் இதை ஒரு தடவை நினைத்துப் பாருங்கள்.

கையிலும் கழுத்திலும் தெரியும் இதயம்

ரத்தத்தைத் தவிர, நாளங்களையே அளக்கும் வழிகளும் உண்டு. ஊசியோ கத்தியோ தேவையில்லை.

- கைநாளம் விரிகிறதா? முன்கையில் பட்டையைக் கட்டி ஐந்து நிமிடம் ரத்த ஓட்டத்தை நிறுத்துவார்கள். பட்டையைத் தளர்த்தியதும் ரத்தம் பாய்ந்து வரும். ஆரோக்கியமான நாளம் உடனே விரியும். எவ்வளவு விரிகிறது என்பதை அல்ட்ராசவுண்ட் அளக்கும். 
- நாளம் எவ்வளவு விறைப்பு? இதயத் துடிப்பின் அலை கழுத்திலிருந்து தொடைவரை எவ்வளவு வேகமாகப் போகிறது என்று பார்ப்பார்கள். நாளம் விறைப்பாக இருந்தால் அலை வேகமாக ஓடும். நொடிக்கு 10 மீட்டரைத் தாண்டினால் கவனிக்க வேண்டும் என்பது ஐரோப்பிய நிபுணர்களின் அளவுகோல்.
- கழுத்து நாளத்தின் சுவர் எவ்வளவு தடிப்பு? இதையும் அல்ட்ராசவுண்டில் பார்க்கலாம்.

அடைப்பில்லாத நெஞ்சுவலி உள்ளவர்களிடம் நடந்த பல ஆய்வுகளில், ஆரோக்கியமானவர்களோடு ஒப்பிடும்போது கைநாளம் குறைவாக விரிந்தது. நாளங்கள் கூடுதல் விறைப்பாக இருந்தன. இதயத்தில் வலியாகத் தெரியும் கோளாறு சிலருக்கு உடல் முழுதும் பரவியிருக்கலாம் என்பதை அது உணர்த்துகிறது.

ஆனால் முன்பு சொன்ன எச்சரிக்கை இங்கேயும் பொருந்தும். கையில் அளப்பது இதயத்தின் உள்ளே நடப்பதை அப்படியே சொல்லிவிடாது.

அப்போ எப்படித்தான் உறுதிசெய்வது?

இதயத்தின் ரத்த ஓட்டத்தையே அளக்க வேண்டும். மூன்று வழிகள் முக்கியமானவை:

ஸ்கேன்: மருந்து கொடுத்து இதயத்துக்குச் செல்லும் ரத்த ஓட்டத்தைக் கூட்டி, பெட் ஸ்கேன் அல்லது எம்ஆர்ஐ எடுப்பது.

அழுத்தக் கம்பி: ஆஞ்சியோகிராம் செய்யும்போதே மிக மெல்லிய கம்பி ஒன்றை நாளத்துக்குள் அனுப்புவது. ஓய்வில் இருப்பதைவிட எத்தனை மடங்கு ரத்த ஓட்டம் கூடுகிறது என்று கணக்கிடுவார்கள். இரண்டு மடங்குகூட வரவில்லை என்றால் கோளாறு. 2க்கும் 2.5க்கும் இடையில் இருந்தால் மற்ற அறிகுறிகளோடு சேர்த்துப் பார்ப்பார்கள். நுண்நாளங்களின் தடையையும் அதே கம்பியில் அளக்கலாம்.

அசிட்டைல்கோலின் சோதனை: இந்த மருந்தை இதய நாளத்துக்குள் சிறிது சிறிதாகச் செலுத்துவார்கள். படலம் நன்றாக இருந்தால் நாளம் விரியும். கெட்டிருந்தால் சுருங்கும். சில நேரம் நோயாளிக்கு வழக்கமாக வரும் அதே வலி அங்கேயே வரும். பயிற்சி பெற்ற குழு கண்காணிப்பில் வைத்துச் செய்யும் சோதனை இது.

எல்லாருக்கும் இவை தேவைப்படாது. எல்லா மருத்துவமனையிலும் எல்லாச் சோதனையும் இருக்காது. உங்களுக்கு எது பொருந்தும் என்பதை இதயநோய் நிபுணர்தான் சொல்ல வேண்டும்.

பெயர் தெரிந்தால் என்ன லாபம்?

நிறைய! ஸ்காட்லந்தில் நடந்து 2018இல் வெளியான ‘கார்மிகா’ ஆய்வு அதைக் காட்டியது.

நெஞ்சுவலி இருந்தும் பெரிய அடைப்பு இல்லாத 151 பேர் அதில் இருந்தார்கள். எல்லாருக்கும் நுண்நாளச் சோதனை செய்யப்பட்டது. ஒரு குழுவினரின் முடிவை மட்டும் மருத்துவர்களிடம் சொல்லி, அதற்கேற்பச் சிகிச்சையை மாற்றினார்கள். மற்றக் குழுவினருக்கு வழக்கமான சிகிச்சை தொடர்ந்தது.

ஆறு மாதம் கழித்து முதல் குழுவினரின் வலி குறைந்திருந்தது. 100 புள்ளி கொண்ட கேள்வித்தாளில் அவர்கள் சராசரியாக 11.7 புள்ளி கூடுதல் முன்னேற்றம் கண்டார்கள். அன்றாட வாழ்க்கைத் தரமும் மேம்பட்டது. அந்தக் குறுகிய காலத்தில் மாரடைப்பு போன்ற பெரிய பாதிப்புகளில் இரு குழுக்களுக்கும் இடையே வேறுபாடு தெரியவில்லை. ஆகவே அந்த ஆய்வு சொல்வது ‘ஆயுள் கூடும்’ என்பதல்ல. ‘வலி குறையும், வாழ்வது எளிதாகும்’ என்பதுதான். தினமும் வலியோடு படி ஏறுபவருக்கு அது சின்ன விஷயமா?

என்ன சிகிச்சை?

கோளாறின் வகையைப் பொறுத்தது.

- நாளம் விரியாமல் போனால், இதயத்தின் வேலையைக் குறைக்கும் ‘பீட்டா பிளாக்கர்’ மாத்திரைகளை முதலில் முயல்வது வழக்கம்.
- நாளம் திடீரென்று சுருங்கினால், ‘கால்சியம் சேனல் பிளாக்கர்’ மாத்திரைகள் கைகொடுக்கும்.
- கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டேட்டின், ரத்த அழுத்த மாத்திரைகள் ஆகியவை எண்டோதீலியத்துக்கும் நல்லது செய்யக்கூடும் என்பதால் பலருக்குக் கொடுக்கப்படுகின்றன.
- நாக்கின் கீழ் வைக்கும் நைட்ரேட் மாத்திரை, ஸ்பிரே எல்லாருக்கும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. ‘நைட்ரேட் போட்டும் வலி போகலை, அப்போ இது இதய வலி இல்லை’ என்று முடிவுகட்டக் கூடாது.

மாத்திரை பாதி. மீதி நம் கையில். தவறாமல் நடப்பதும் உடற்பயிற்சி செய்வதும் எண்டோதீலியத்தை வலுப்படுத்தும். வலி இருப்பவர்கள் எந்த அளவில் தொடங்கலாம் என்று மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்க வேண்டும். சிகரெட்டை நிறுத்த வேண்டும். மின்சிகரெட்டும் வேண்டாம். சிங்கப்பூரில் அது சட்டவிரோதம். அதிலுள்ள நிக்கோட்டின் நாளங்களைச் சுருக்கும். சர்க்கரை, ரத்த அழுத்தம், எடை ஆகியவற்றைக் கட்டுக்குள் வைத்தால் அழற்சியும் குறையும்.

மருத்துவரிடம் என்ன கேட்கலாம்?

போவதற்குமுன் இரண்டு வாரத்துக்குக் கைத்தொலைபேசியில் ஒரு குறிப்பு எழுதி வையுங்கள். வலி எப்போது வந்தது, என்ன செய்துகொண்டிருந்தபோது வந்தது, எத்தனை நிமிடம் நீடித்தது, மூச்சு வாங்கியதா? நுண்நாள நெஞ்சுவலி பத்து நிமிடத்துக்குமேல் நீடிக்கலாம். வேலையை நிறுத்திய பிறகும் தொடரலாம். மனஅழுத்தத்தின்போதும் வரலாம். “அப்பப்போ வலிக்குது டாக்டர்” என்று சொல்வதைவிட அந்தக் குறிப்பு பல மடங்கு உதவும்.

பிறகு இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்:

- பெரிய அடைப்பு இல்லை என்றால், வலிக்கு வேறு என்ன காரணம் இருக்கலாம்?
- நுண்நாளக் கோளாறு இருக்க வாய்ப்பு உண்டா? அதற்கான சோதனை எனக்குத் தேவையா?
- என் சர்க்கரை, கொலஸ்ட்ரால், ரத்த அழுத்தம் எந்த அளவில் இருக்க வேண்டும்?
- இந்த மாத்திரை எதற்காக? பலன் தெரிய எத்தனை நாளாகும்? பலன் இல்லையென்றால் அடுத்து என்ன?

நெஞ்சுவலிக்கு நெஞ்செரிச்சல், தசைப்பிடிப்பு, பதற்றம் போன்ற காரணங்களும் இருக்கத்தான் செய்கின்றன. அவை காரணமாக இருந்தால் அதற்கும் சிகிச்சை உண்டு. எதுவாக இருந்தாலும் ஊகிப்பதைவிடக் கண்டுபிடிப்பது நல்லது.

எப்போது காத்திருக்கக் கூடாது?

‘போன தடவை ஆஞ்சியோகிராம் நார்மல்’ என்பது இந்தத் தடவைக்கு உத்தரவாதம் அல்ல. சிங்கப்பூரில் உடனே 995ஐ அழைக்க வேண்டிய அறிகுறிகள்:

- திடீரென்று வந்து, ஓய்வெடுத்தும் குறையாத நெஞ்சுவலி அல்லது அழுத்தம்
- வலி கை, தாடை, முதுகுப் பக்கம் பரவுவது
- வலியோடு வியர்வை, மூச்சுத்திணறல், வாந்தி, மயக்கம்
- வழக்கமான வலியைவிடக் கடுமையான அல்லது வேறு மாதிரியான வலி

அம்மாவிடம் திரும்பப் போவோம்

ஆஞ்சியோகிராம் அறிக்கை பொய் சொல்லவில்லை. பெரிய நாளங்களில் அடைப்பு இல்லை என்ற நல்ல செய்தியை அது சொன்னது. ‘வலியே இல்லை’ என்று அது சொல்லவில்லை. அப்படி எடுத்துக்கொண்டது நாம்தான்.

அம்மா படியில் நின்று மூச்சு வாங்கினால், “ஒண்ணும் இல்லைம்மா” என்று சொல்வதற்குப் பதில், “எவ்வளவு நேரமா வலிக்குது?” என்று கேளுங்கள். பதிலைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது நீங்களும் கூடப் போங்கள்.

(இக்கட்டுரை பொதுத் தகவலுக்கானது. மருத்துவரைக் கேட்காமல் எந்த மருந்தையும் தொடங்கவோ நிறுத்தவோ வேண்டாம்.)